கிளம்புகிறவனிடம் மழை என்று சொல்லக் கூடாது

விமானி கிளம்புவதற்கு முன்னால் நிரப்பிக் கொடுக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. பயணத் திட்டம் என்பார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர், எந்த வழி, எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு என்று மேல் பாதியில் கேட்பார்கள். அதுவரைக்கும் ரயில் முன்பதிவுத் தாள் மாதிரி சாதுவாகத்தான் இருக்கும். கீழ்ப் பாதிக்கு வந்தால்தான் தாளின் சுபாவம் தெரியும். எரிபொருள் எத்தனை மணி நேரம் தாங்கும்? உள்ளே எத்தனை பேர்? உயிர் காக்கும் சட்டை இருக்கிறதா? விமானத்தின் நிறம் என்ன?

நிறத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று என் பயிற்றுநரிடம் வெகுளியாகக் கேட்டேன். அவர் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"தேடுறவங்களுக்கு வசதியா இருக்கும்ல" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

அதற்கப்புறம் அந்தக் கட்டத்தில் 'வெள்ளை, சிவப்புப் பட்டை' என்று எழுதும்போதெல்லாம் எங்கள் ஊர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காட்டுக்குள் வெள்ளையும் சிவப்புமாக ஏதோ கிடப்பது என் கண்ணுக்குத் தெரியும். பக்கத்திலேயே என் செருப்பு ஒன்று. இன்னொன்று எங்கே என்று தேடிக்கொண்டிருப்பேன். 'உள்ளே எத்தனை பேர்' என்ற இடத்தில் ஒன்று என்று போட வேண்டும். அந்த ஒன்று நான்தான். அந்த ஒன்றைப் போட எனக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணித் தொழில். ராஜபாளையத்தில் தறி, செட்டியார்பட்டி ரோட்டில் வெளுத்த துணியைக் காயப்போடும் களம். நாட்டில் யாருக்காவது கையோ காலோ முறிந்தால் எங்கள் வீட்டில் சோறு பொங்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை விமானம் ஓட்டப் போனது தொழிலை விருத்தி பண்ணத்தான் என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ராத்திரி படுத்தால் அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

மதுரையில் பயிற்சி. உரிமம் கைக்கு வர பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. தனியாக ஒரு நெடும்பயணம். மதுரையிலிருந்து திருவனந்தபுரம் போக வேண்டும், மறுநாள் திரும்ப வேண்டும், பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கக் கூடாது. எங்களிடம் இருந்த ஒரே விமானம் அந்தச் சனிக்கிழமை பெரிய பராமரிப்புக்குப் போகிறது. திரும்பி வர மூன்று மாதமோ நான்கு மாதமோ, யாருக்கும் தெரியாது. அப்பாவோ, "சித்திரை முடியுற வரைக்கும் பாரு, அதுக்கு மேல தறிக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டார். அவர் ஒன்று சொன்னால் அது நாட்காட்டியில் அச்சடித்த மாதிரி. ஆக, வியாழக்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்பினால் நான் விமானி. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பேண்டேஜ்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். ஏற்கெனவே இரண்டு முறை நான் பயணத்தை ரத்து செய்திருந்தேன். முதல் முறை வயிற்றுப்போக்கு. அது பொய்யில்லை. அந்தத் தாளைப் பார்த்ததால் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது முறை, "ஒரே மூட்டமா இருக்காம் சார், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே தெரியலையாம், எங்க மாமா போன்ல சொன்னாரு" என்று அளந்துவிட்டேன். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கோபுரம்தான் முதல் அடையாளம். அதைப் பிடித்து ராஜபாளையம், அப்புறம் மலையை வலது கையில் வைத்துக்கொண்டே தென்காசி, செங்கோட்டைக் கணவாய், அந்தப் பக்கம் திருவனந்தபுரம். கோபுரமே தெரியவில்லை என்றால் எவன் அனுப்புவான்? நல்ல பொய் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அன்றைக்கு மத்தியானம் பயிற்றுநர் இன்னொரு மாணவனைக் கூட்டிக்கொண்டு அதே பக்கமாகப் பறந்துவிட்டு வந்தார். இறங்கினதும் நேரே என்னிடம் வந்தார்.

"கோபுரம் உன்னை விசாரிச்சதுய்யா" என்றார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வானிலை அலுவலக வாசலில் நின்றேன். முறை இதுதான். விமானி முதலில் அங்கே போக வேண்டும். அதிகாரி வரைபடத்தை விரித்து, எந்த உயரத்தில் எந்தப் பக்கத்துக் காற்று, வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் அதில் மேகம் எத்தனை பங்கு, எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரியும், அடுத்த சில மணி நேரத்தில் என்ன மாறலாம் என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதை வைத்துத்தான் பயணத் திட்டம் போட வேண்டும். காற்று எதிரே அடித்தால் நேரம் கூடும், நேரம் கூடினால் எரிபொருள் கூடும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடும்.

அங்கே இருந்த அதிகாரி திருநெல்வேலிக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுவார்.

"மதுரை நல்லா இருக்கு. பாளையங்கோட்டை நல்லா இருக்கு. திருவனந்தபுரமும் நல்லா இருக்கு" என்றார். "மலையில மட்டும் மத்தியானத்துக்கு மேல கட்டலாம். கோடை மழை, சொல்ல முடியாது. அடிவாரத்துல எனக்கு ஆள் கிடையாது தம்பி. அங்க மேகம் என்ன நெனைக்கின்னு மேகத்துக்குத்தான் தெரியும்."

"எனக்கு ரெண்டு பேர் இருக்காங்க சார்" என்றேன் பெருமையாக. "ராஜபாளையத்துல அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாமா. ரெண்டு பேர்கிட்டயும் போன் இருக்கு."

"கேட்டுட்டு வாரும்."

விமான நிலையத்துக்கு வெளியே மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. களத்து நம்பரைச் சுற்றினேன். அந்த நேரத்தில் அம்மா அங்கேதான் நிற்பாள்.

"அம்மா, மலைப் பக்கம் எப்படி இருக்கு?"

"இன்னைக்குத்தானாய்யா கெளம்புத?"

"ஆமா."

"வானம் கண்ணாடி கணக்கா இருக்கு. தைரியமாப் போயிட்டு வா. சாப்பிட்டியா?"

மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை. கடை வாசலில் நின்றால் மேற்கே மலை முழுசும் தெரியும். "மாப்ளே, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஜம்முனு போ" என்றார்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இரண்டு பேரில் ஒருவராவது லேசாக ஒரு மேகம் போட்டிருக்கலாம். எனக்கென்று ஒரு சின்ன மேகம். சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

பயணத் திட்டத்தை நிரப்பினேன். கார்பன் வைத்து நான்கு பிரதி. பேனாவை அழுத்திய அழுத்தில் நான்காவது பிரதியில்கூட எழுத்து பளிச்சென்று விழுந்திருந்தது. கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். அவர்கள் அதை டெலிபிரிண்டரில் திருவனந்தபுரத்துக்குத் தட்டிவிட்டார்கள். இனி விமானப் படைக்காரர்கள் ஓர் எண் கொடுக்க வேண்டும். இன்னார் இன்ன நேரத்தில் போகிறார், எதிரி இல்லை என்பதற்கு அடையாளம் அது. எண் வராமல் சக்கரம் உருளக் கூடாது.

பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். எண் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. என்னைப் பார்த்து எதிரி என்று சந்தேகப்படவும் ஓர் ஆள் இருக்கிறாரே என்று கொஞ்சம் தெம்பாக இருந்தது. பதினொன்றுக்குள் நான் கழிப்பறைக்கு நான்கு முறை போய்வந்திருந்தேன். விமானத்தின் எடைக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்குமோ என்றுகூட யோசித்தேன். பதினொன்றே முக்காலுக்கு எண் வந்தது.

சாவியை எடுக்கப் போனவனை வானிலை அதிகாரி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அது காலையில எழுதின தாளு. நாலு மணி நேரத்துப் பழசு. மலையோரம் போறவரு இன்னொரு தடவை உங்க ஆளுககிட்டக் கேட்டுருமே."

திரும்பவும் பூத்துக்கு ஓடினேன். களத்து போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது அம்மா இல்லை. களத்தில் துணி காயப்போடும் அக்கா. எங்களிடம் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவர். இரைச்சலில் என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"யாரு? யாவாரிகளா? பொறவு கூப்பிடுங்க. அம்மா களத்துல நிக்காவ. காயப்போட்ட துணி அம்புட்டையும் வாரிக்கிட்டு இருக்கோம்."

"ஏன் வாருறீங்க?"

"ஏனா? மேக்க மலையே தெரியல, கருகும்முன்னு வருது. காத்து சொழட்டுது. காலையில இருந்தே மூடாக்குத்தான். அம்மாதான் பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம்னு காயப்போடச் சொன்னாவ. இப்பக் கெடந்து ஓடுதோம்."

போனை வைத்துவிட்டார்.

காலையில் இருந்தே மூடாக்கு. கண்ணாடி கணக்கா இருக்கு என்று சொன்ன அதே காலை.

மாமா கடைக்குப் போட்டேன். "மாப்ளே, வானம் பளிங்கு. நீ இன்னும் கெளம்பலையா?" என்றார்.

"மாமா, வாசல்ல அடுக்கியிருந்த உர மூட்டை எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு."

"எப்ப உள்ள வச்சீங்க?"

"காலையில. ஒரு எட்டரை இருக்கும்."

"என்கிட்டப் பேசுன கையோடயா?"

"ஏலே, கோவிச்சுக்கிடாத. ஓங்கம்மாதான் மொதல்லயே போன் போட்டுச் சொல்லிட்டா. பிள்ளை கெளம்புது, கேட்டா வாயி நெறைய நல்லதாச் சொல்லுங்கன்னு. வெளிய கெளம்புறவன்கிட்ட மழை, இடின்னு சொன்னா வெளங்குமாலே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். தெரியாமல் கேட்டுவிட்டால் அவன் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். தும்மல் வந்தால் துண்டை வாயில் அழுத்திக்கொள்வார்கள். அந்த ஊரில் போய், புறப்படுகிற நேரத்தில், மழை வருமா என்று கேட்டிருக்கிறேன். உலகத்தில் எந்த விமானியும் செய்யாத தப்பு. என் இரண்டு அதிகாரிகளும் பாசத்தால் பொய் அறிக்கை கொடுத்துவிட்டார்கள்.

பூத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிஜமான, கலப்படமில்லாத, உயிர் போகிற காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. போக வேண்டாம். பத்து அடி நடப்பதற்குள் அந்தச் சந்தோஷம் புளித்துவிட்டது. இன்று போகாவிட்டால் சனிக்கிழமை விமானம் இல்லை. சித்திரை முடிந்தால் தறி. அதை விடுங்கள், இதைப் போய் யாரிடம் சொல்வது? கோபுரம் தெரியவில்லை என்று சொன்ன வாயால், இப்போது மலை தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். புலி வருது, புலி வருது என்று இரண்டு தடவை கத்தியவன் கதைதான். என்ன, இந்தத் தடவை புலி மீசையைத் தடவிக்கொண்டு எதிரிலேயே நிற்கிறது.

பேசாமல் கிளம்பிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அவமானத்துக்குப் பயந்து மேகத்துக்குள் போகலாமா என்று. என் பயங்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. உயிர்ப்பயம் ஜெயித்தது.

பயிற்றுநர் விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ராஜபாளையத்துப் பக்கம் பெருசாக் கட்டிக்கிட்டு வருதாம்."

"யாரு சொன்னா? மாமாவா?"

"மாமா இல்ல சார். மாமா நல்லா இருக்குன்னுதான் சொல்றாரு. அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப?"

"களத்துல துணியை எடுத்துக்கிட்டு இருக்காங்க சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பார்வை. ஆனால் பின்னாலேயே வந்திருந்த வானிலை அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"என்ன துணி தம்பி?"

"பேண்டேஜ் துணி சார். வெளுத்துக் காயப்போடுறது. நனைஞ்சா திரும்ப முதல்ல இருந்து வேலை. காரணம் இல்லாம எடுக்க மாட்டாங்க."

"நம்பரு என்ன?"

அவரே என்னோடு பூத்துக்கு வந்தார். நல்லவேளையாக அதே அக்காதான் எடுத்தார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"அம்மா, நான் வானிலை ஆபீஸ்ல இருந்து பேசுதேன். காத்து எந்தப் பக்கமிருந்து வருது?"

"மேக்க இருந்துதான்."

"எம்புட்டு நேரமா?"

"செத்த நேரமாத்தான். கால் மணி இருக்கும். அதுக்கு முன்ன இலை அசையல."

"இடி கேக்குதா?"

"கேக்குது. செண்பகத்தோப்புப் பக்கமா. இந்தா, இப்பக்கூடக் கேட்டுச்சு."

"தெக்க எப்படிம்மா? சங்கரன்கோவில் பக்கம்?"

"கெழக்கயும் தெக்கயும் வெயிலாத்தான் அடிக்கி. ஐயா, நீங்க நல்லா இருப்பீக, போனை வைங்க. துணி நனையுது."

அதிகாரி எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டார். திரும்பி நடக்கும்போது, "அந்தப் பொம்பள சொல்லுத மாதிரி எங்க ஆளுக சொன்னா நான் நிம்மதியா வேலை பாப்பேன்" என்றார். பயிற்றுநரிடம் போய், "மலையோரம் வேண்டாம், பையன் சொல்லுதது நெசம்" என்றார்.

பயிற்றுநர் என்னைப் பார்த்து, "சரி. ரத்து பண்ணுறியா?" என்று கேட்டார்.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. மூன்று மாதமாக எத்தனையோ விதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்ததோ வேறு.

"வழியை மாத்தட்டுமா சார்?"

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். வரைபடத்தை விமானத்தின் வாலில் விரித்தோம். மலையை விட்டு விலகி, மதுரையிலிருந்து நேரே தெற்கே கோவில்பட்டி, திருநெல்வேலி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கடற்கரைக்குப் போய் திருவனந்தபுரம். தூரம் கொஞ்சம் கூடும். எரிபொருள் தாராளமாக இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் புதிதாக வந்த அறிக்கைகளை அதிகாரி எடுத்துக் காட்டினார். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் பயமில்லை என்றார். மலை மேகம் கிழக்கே நகர்ந்தால் திரும்பி மதுரைக்கே வந்துவிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது என்று பயிற்றுநர் இரண்டு முறை சொன்னார். வீரத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பழைய திட்டத்தை மாற்றிப் புதுத் திட்டம் எழுதினேன். மறுபடியும் கார்பன், மறுபடியும் நான்கு பிரதி, மறுபடியும் எண்ணுக்குக் காத்திருப்பு. இந்த முறை அரை மணியில் வந்தது. நிறம் என்ன என்ற கட்டத்தில் கை நிற்காமல் எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன் என்பதைக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன்.

மேலே ஏறி கோவில்பட்டியைத் தாண்டும்போது வலது பக்கம் பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் கருநீலச் சுவர். அதன் அடியில் எங்கள் ஊரும் மாமாவின் கடையும் இருந்தன. உள்ளே மின்னல் வெட்டியது. என் முன்னால் மட்டும் வெயில், ரோடு, குளம் குளமாகத் தண்ணீர் மினுங்கல். கை சொன்னபடி கேட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். விமானம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இருக்கை வாரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த சிப்பந்தி வந்து, உடம்பு சரியில்லையா என்று மலையாளத்தில் விசாரித்தார்.

சாயங்காலம் அம்மாவுக்குப் பேசினேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னதுதான் தாமதம், அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். கல்மழையாம். களத்து வேப்பமரம் ஒடிந்துவிட்டதாம். தறிக் கொட்டகையில் இரண்டு தகரம் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்ததாம். மம்சாபுரம் வரைக்கும் கரண்டு இல்லையாம்.

"இதைக் காலையில சொல்லியிருக்கலாம்லம்மா?"

"கெளம்புற பிள்ளைகிட்டயா? நல்லாக் கேட்ட போ."

அவளோடு வாதாடிப் பயனில்லை. மறுநாள் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பூத்துக்குள் நின்று யோசித்தேன். யோசித்துவிட்டுக் களத்துக்குப் போட்டேன்.

"அம்மா, நான் இன்னைக்கு வரல. விமானம் ரிப்பேர். நாளைக்குப் பாக்கலாம்னுட்டாங்க."

"அப்படியா? வராட்டாலும் சரி, பத்திரமா இரு."

"மலைப் பக்கம் எப்படி இருக்கு?"

"மலை நல்லாத் தெளிஞ்சு கெடக்கு. நேத்துப் பெஞ்சதுல பச்சையாத் தெரியுது. காத்து இல்ல. மேக்க உச்சியில மட்டும் பஞ்சு கணக்கா ரெண்டு துண்டு நிக்கி. மத்தியானம் மூணு மணிக்கு மேல திரும்பக் கட்டும்னு நெனைக்கேன். வெயில் இப்பவே சுள்ளுன்னு அடிக்கி. அதான் துணியைக் காலையிலயே விரிச்சுட்டேன், ரெண்டு மணிக்குள்ள எடுத்துரணும்."

இதைவிடத் துல்லியமான அறிக்கையை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை. அங்கிருந்த வானிலை அதிகாரி சொன்னதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு, பழைய வழியையே திட்டத்தில் எழுதினேன். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, மலையை இடது கையில் வைத்துக்கொண்டு வந்தேன். பதினொரு மணிக்கு முன்னால் மதுரையில் இறங்கியாகிவிட்டது.

பயிற்றுநர் என் பறப்புப் பதிவேட்டை வாங்கி, போன வரி வந்த வரி இரண்டுக்கும் நேரே கையெழுத்துப் போட்டார். "சனிக்கிழமை விமானம் போகுது, நீ தறிக்குப் போகல" என்றார். அவர் சொன்னதிலேயே பாராட்டுக்குப் பக்கத்தில் வந்தது அதுதான். வானிலை அதிகாரி எங்கள் களத்து நம்பரைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். மலையோரம் போகும் மாணவர்களுக்கு உதவும் என்றார். அவருக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருந்தது.

"சார், அம்மா எடுத்தாங்கன்னா, இன்னைக்கு யாரும் கிளம்பலன்னு பசங்களை முதல்ல சொல்லிடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மழையைப் பத்திக் கேக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா தறிக் கொட்டகையில் ஏணியில் நின்று, பறந்து போன தகரத்தைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். நான் பதிவேட்டை நீட்டினேன். இறங்கி வந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்தக் கடைசி இரண்டு வரியை விரல் வைத்துப் படித்தார். கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தார்.

"சரி" என்றார். "தறிக்கு வேற ஆளு பாக்கணும்."

சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்ப ஏணியில் ஏறினார்.